மாங்காய் வண்டிக்காரர்களின் கவனத்திற்கு

ஸ்ரீஜா மைக்கைப் பிடித்து “ஓம் நமோ வேங்கடேசாய” என்று சொன்னால், கேட்பவர்களில் பாதிப் பேருடைய கைகள் தாமாகவே கூப்பிக்கொள்ளும். திருமலையில் வரிசையில் காத்திருப்பவர்களுக்கு ஒலிபெருக்கியில் வரும் அறிவிப்புகள் அந்தப் பெயரோடுதான் தொடங்கும். மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்த ஸ்ரீஜாவுக்கு அந்தக் குரலும், அந்த நிதானமும், ஊர்ப் பெயருக்கு முன்னால் விடுகிற சின்ன இடைவெளியும் அப்படியே வந்துவிட்டிருந்தன.

திருப்பதியில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கும் மாணவர்கள் சனிக்கிழமை மதியம் பல்கலைக்கழகக் கேண்டீனுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் கூடுவார்கள். அந்த வாரத்துச் செய்திகளை ஸ்ரீஜா கோயில் அறிவிப்பைப் போலவே படிப்பாள். எழுதிக்கொடுப்பவள் அவளுடைய அறைத்தோழி தேவயானி. அறிவிப்பில் வரும் ஆளாக முன்னால் வந்து நடிப்பவளும் அவள்தான்.

“குடும்பத்தாரைப் பிரிந்து மேலே சென்றுவிட்ட தக்காளி அவர்களின் கவனத்திற்கு. தங்கள் குடும்பத்தாராகிய ரசம், சாம்பார், சட்னி ஆகியோர் விடுதி மெஸ் வாசலில் காத்திருக்கிறார்கள். தாங்கள் எங்கிருந்தாலும் உடனே இறங்கி வரவும்.”

தேவயானி சிவப்புத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, கீழே பார்க்க மனமில்லாத பணக்காரியைப் போல நாற்காலி மேல் நிற்பாள்.

“வேகமாக மலையிறங்கும் ரூபாய் அவர்களின் கவனத்திற்கு. படி வழுக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளவும். டாலர் அவர்களோடு பேசிக்கொண்டே இறங்க வேண்டாம்.”

“வேலைவாய்ப்பு என்பவரைக் காணவில்லை. கடைசியாகத் தேர்தலுக்கு முந்தின வாரம் நாயுடுபேட்டையில் ஒரு மேடையில் பார்த்ததாகச் சொல்கிறார்கள். வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். கண்டவர்கள் பொருளாதாரத் துறைக்குத் தகவல் தெரிவிக்கவும். இங்கே வகுப்பு முழுவதும் அவருக்காகக் காத்திருக்கிறது.”

பேராசிரியர்களும் டீ குடிக்கிற சாக்கில் வந்து நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஸ்ரீஜாவின் அப்பா தோதாத்ரி கீழ்த் திருப்பதிக் கோயிலில் கைங்கர்யம் செய்பவர். மகள் பெருமாள் பெயரைச் சொல்லி வேடிக்கை செய்கிறாள் என்று காதில் விழுந்தபோது அவர் கோபப்படவில்லை. ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு ஒன்று மட்டும் சொன்னார்.

“அவன் பேரைச் சொல்லிட்டு வாயைத் திறந்தா பொய் வரப்படாது. ஒருத்தர் மனசு நோகப்படாது. அப்புறம் நீ என்ன வேணாச் சொல்லிக்கோ. அவனும் சிரிக்கறவன்தான்.”

அந்த நிபந்தனையை ஸ்ரீஜா இன்றுவரை மீறியதில்லை. வேலைவாய்ப்பு உண்மையிலேயே காணவில்லை என்பதால் அதில் பொய்யும் இல்லை.

ஜூலை மாதத்தில் மாவட்டக் கல்லூரிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு நகைச்சுவைப் போட்டி அறிவித்தார்கள். அந்த வருஷம் சித்தூர்ப் பக்கம் கிளிமூக்கு மாங்காய் மரம் கொள்ளாமல் காய்த்துக் கிடந்தது. மாங்கூழ்த் தொழிற்சாலை வாசல்களில் டிராக்டர்கள் மைல் கணக்கில் நின்றன. தேவயானி அதையே போட்டிக்கு எழுதினாள்.

“மாங்காய் வண்டிக்காரர்களின் கவனத்திற்கு. தாங்கள் இப்போது சர்வ தரிசன வரிசையில் நிற்கிறீர்கள். வாசல் தரிசனத்துக்கு இரண்டு பகல், இரண்டு இரவு ஆகும். மலையில் காத்திருப்பவர்களுக்குப் பால் வரும், உப்புமா வரும். இங்கே எதுவும் வராது. பக்கத்து வண்டியில் இருப்பவர் தங்கள் போட்டியாளர். அவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம்.”

கடைசி இரண்டு வரி அவர்கள் பாடப் புத்தகத்திலிருந்து வந்தது. வகுப்பில் அதிகச் சிரிப்பும் அதற்குத்தான். தேவயானி தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, இடது முழங்காலைச் சரியாக மடக்காமல் நடந்து, துண்டால் முகத்தைத் துடைத்து, பக்கத்து ஆளைச் சந்தேகமாகப் பார்ப்பாள். அந்த நடை யாருடையது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அது அவளுடைய அப்பா முனிகிருஷ்ணனின் நடை; அவளுக்கு அவர் நைனா. நகரிப் பக்கத்தில் அவருக்குக் கொஞ்சம் மாந்தோப்பு இருந்தது. அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை வந்த முதல் ஆள் அவள். அவள் என்ன படிக்கிறாள் என்று ஊரில் கேட்டால் அவர், “ஏதோ பெரிய கணக்கு படிச்சிக்கினு கீது” என்பார். எது என்று அவருக்குத் தெரியாது. விடுதியில் சேர்த்த நாளில் வாசல் வரை வந்ததுதான், உள்ளே வந்ததில்லை. ஒரே ஒரு முறை அவர் வந்து உட்கார்ந்து, தன் மகள் இங்கே யார் என்று பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது தேவயானியின் ஆசை. போட்டியன்று வருவதாக அவரும் சொல்லியிருந்தார். மாங்காய் அறிவிப்பைப் பற்றி மட்டும் அவள் அவரிடம் மூச்சுவிடவில்லை. நடை வேறு, ஆள் வேறு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி வைத்திருந்தாள்.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் கேண்டீனில் இருக்கும்போது அவரிடமிருந்து போன் வந்தது.

“தேவி, நாளிக்கு நான் வர முடியாது போல கீதும்மா.”

“இன்னா நைனா ஆச்சி?”

“சித்தூரு ரோட்டுல மாட்டிக்கினேன். நேத்துலேந்து லைன்ல நிக்கிறேன். வண்டிய வுட்டுட்டு வந்தா டோக்கன் போய்டும், திரும்பக் கடைசிலேந்து நிக்கணும். காயி பழுக்க ஆரம்பிச்சிடுச்சி. நீ நல்லா பேசு. இன்னொரு தபா வரேன்.”

“பரவால்ல நைனா. துன்னியா?”

“துன்னேன், துன்னேன்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

தேவயானி போனை மேசை மேல் கவிழ்த்து வைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த யஸ்வந்த் தன் பஜ்ஜியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். சத்தியவேட்டுக்காரன், வகுப்பில் மார்க்கு மட்டும் வாங்காமல் மற்ற எல்லாம் செய்கிறவன்.

“இன்னா, உங்க நைனா வரலயா?”

அவள் சொன்னாள்.

“அவரே இருக்கணுமா, டிராக்டர்ல ஒரு ஆளு ஒக்காந்துகினு இருந்தா போதுமா?”

“ஆளு இருந்தா போதும். யாரு போவா?”

“நான் போறேன். ஒரு சரக்கு இல்லாட்டி இன்னொண்ணுன்னு பாடத்துல சொல்றாங்களே, நான்தான் அந்த இன்னொண்ணு. நீ பொண்ணு, போனா பஸ்சுல டிக்கெட்டே இல்ல, ஆனா நீ ஸ்டேஜுல இருக்கணும். நான் டிக்கெட் வாங்கிகினு போணும். நாட்டுல வளம் எப்டி வீணாப் போவுது பாரு.”

“உனக்கு டிராக்டர் ஓட்டத் தெரியுமாடா?” என்றாள் பக்கத்திலிருந்த ஸ்ரீஜா.

“தியரி தெரியும்.”

சொன்னபடியே விடியற்காலை முதல் பஸ்ஸில் போய்விட்டான். அவன் போகிறான் என்று தெரிந்ததிலிருந்து தேவயானிக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், கலக்கம் ஒரு பக்கம். நைனா வந்து முன்னால் உட்காரப் போகிறார். அவர் எதிரிலேயே அவர் நடையை நடந்து காட்டி ஊரைச் சிரிக்க வைக்க வேண்டும். இரண்டு நாளாக வெயிலில் நின்றுவிட்டு வருகிறவர், அப்படி நிற்பதற்கே ஒரு கூட்டம் சிரிப்பதைப் பார்ப்பார். தன் மகள் பெரிய படிப்புப் படித்துத் தன்னைக் கேலி செய்யக் கற்றுக்கொண்டாள் என்று நினைத்துவிட்டால்?

“மாங்காயை எடுத்துடலாம் ஸ்ரீ.”

“எடுத்துட்டா நடுவுல பெரிய ஓட்டை விழுமேடி. அதுக்குத்தானே எல்லாரும் சிரிக்கறா.”

“அந்த நடை எங்க நைனாது.”

ஸ்ரீஜா கையிலிருந்த அறிவிப்புத் தாளை மடித்து வைத்தாள். பிறகு, “இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமோன்னோ” என்று மட்டும் சொன்னாள். வேறு என்ன செய்வதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

முனிகிருஷ்ணன் மதியத்துக்கு முன்பே பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றப் போனவரை, “இங்க கழட்ட வேணாம் நைனா” என்று தேவயானி கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தாள். அவர் முதலில் மலையிருக்கும் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். அப்புறம் கட்டடங்களைப் பார்த்தார்.

“அந்தப் புள்ள நல்ல புள்ள. வண்டியில ஏறி ஒக்காந்ததும் ஸ்டேரிங்க புட்சிக்கிச்சி. ஓட்டுவியாப்பான்னேன். ஓடாத வண்டின்னா நல்லா ஓட்டுவேன் அங்கிள்னு சொல்லுது.”

“அப்ப வண்டி நகுந்தா?”

“பின்னால வண்டியில வெதுருகுப்பம் சிட்டிபாபு கீறான். பாத்துக்கறேன், நீங்க போங்க, வெள்ளண்டி அன்னான்னு அனுப்பி வெச்சான்.”

கையில் ஒரு தூக்குப் பாத்திரம் வைத்திருந்தார். திறந்தால் எலுமிச்சை சாதம். வீட்டிலிருந்து வரவில்லை என்று தேவயானிக்குப் பார்த்ததுமே தெரிந்தது. அம்மா வேர்க்கடலை போட மாட்டாள். கேட்பதற்குள் போன் அடித்தது. யஸ்வந்த்.

“தேவயானி, உங்க அறிவிப்பு தப்பு.”

“எது?”

“இங்க எதுவும் வராதுன்னு எழுதிக்கிறியே, அது. காலைலேந்து நான் துன்னுகினே கீறேன். சிட்டிபாபு மச்சான் பைக்குல சோத்து மூட்டையோட வந்தாரு. அவங்க வண்டிக்கு மட்டும் இல்ல, முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு. எதிர் வீட்டம்மா மோரு குடுத்தாங்க. வேணாம்னா யாருக்குப் புள்ளடா நீன்னு திட்றாங்க. இன்னொருத்தரு தொப்பி குடுத்துட்டாரு.”

“துன்றதுக்குத்தான் போனியாடா?”

“இரு, அது இல்ல மேட்டரு. இப்ப லைனு நகுந்துச்சி. எனக்கு வண்டி ஸ்டார்ட்டே ஆவல. பின்னால இருந்த சிட்டிபாபு என்னச் சுத்திகினு முன்னால பூந்து போயிருக்கலாம். யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா அவரு போவல. எறங்கி வந்து, உங்க வண்டிய முன்னால ஓட்டி நிறுத்திட்டு, திரும்ப நடந்து போய் அவரு வண்டிய எடுத்துகினு வந்தாரு. அதுவும் ஒரு தபா இல்ல. போட்டியாளரு, பேசாதன்னு நீ எழுதுனியே, அந்தாளு.”

யஸ்வந்த் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

“எனக்கு ஒரு மாதிரி ஆய்டுச்சி தேவயானி. நம்ம புக்குல இதுக்கு ஒரு வரி கூட இல்ல.”

போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது. ஸ்ரீஜாவும் கேட்டாள். முனிகிருஷ்ணன் இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்பதுபோல எலுமிச்சை சாதத்தை மூன்று பங்காகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா சொன்னது ஞாபகம் இருக்கோன்னோ?” என்றாள் ஸ்ரீஜா. “அவன் பேரைச் சொல்லிட்டுப் பொய் சொல்ல என்னால முடியாது. இதுவரைக்கும் தெரியாம சொன்னோம். இனிமே முடியாது.”

“எனக்கும் முடியாது” என்றாள் தேவயானி.

சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே, ஒரு டிஷ்யூ காகிதத்தில் அவள் எழுதினாள். இரண்டு முறை அடித்துத் திருத்தினாள். ஸ்ரீஜா மூன்றாம் முறை எழுதியதைப் படித்துவிட்டுத் தலையாட்டினாள். மேடையேறும் நேரம் வந்தபோது தேவயானி தன் பையிலிருந்த, கடையில் வாங்கிய துண்டை எடுத்தாள். பிறகு அதை உள்ளேயே போட்டுவிட்டாள்.

“நைனா, உன் துண்டக் குடு.”

“இதா? மாம்பால் கறை கீதும்மா. கழுவுனாலும் போவாது.”

“குடு.”

அவர் கொடுத்தார்.

அரங்கம் நிறைந்திருந்தது. முனிகிருஷ்ணன் ஓரத்து நாற்காலியில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்ரீஜா “ஓம் நமோ வேங்கடேசாய” என்றதும் அவர் கை கூப்பினார். பக்கத்தில் இருந்த நடுவர் ஒருவரும் கூப்பினார். கூப்பிய பிறகுதான் அந்த நடுவருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது நினைவுக்கு வர, அவர் சிரித்தார். முழு அரங்கமும் சிரித்தது.

தக்காளி இறங்க மறுத்தது. ரூபாய் படியில் வழுக்கியது. வேலைவாய்ப்பைத் தேடிய அறிவிப்புக்குப் பின்வரிசை மாணவர்கள் விசில் அடித்தார்கள். முனிகிருஷ்ணன் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையிலிருந்து அது தேவயானிக்குத் தெரிந்தது.

பிறகு அவள் அந்தத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, இடது முழங்காலைச் சரியாக மடக்காமல் நடந்து வந்தாள்.

ஸ்ரீஜாவின் குரல் நிதானமாக எழுந்தது.

“மாங்காய் வண்டிக்காரர்களின் கவனத்திற்கு. சித்தூர் சாலையில் வரிசையில் நிற்கும் ஒரு டிராக்டரில், பொருளாதாரம் படித்த மாணவர் ஒருவர் கண்டெடுக்கப்பட்டிருக்கிறார். எங்கள் வகுப்பில் முதன்முதலாக வேலை கிடைத்தவர் அவர்தான்.”

அரங்கம் வெடித்தது.

“அவருக்கு டிராக்டர் ஓட்டத் தெரியாது. சாப்பிடத் தெரிகிறது. காலையிலிருந்து அக்கம்பக்கத்து வண்டிக்காரர்கள் அவருக்குச் சோறு போட்டுவருகிறார்கள். வரிசை நகரும்போது பின்வண்டிக்காரர் இறங்கி வந்து முதலில் இவர் வண்டியை ஓட்டி நிறுத்திவிட்டு, பிறகுதான் தன் வண்டியை எடுக்கிறார்.”

மேடையில் தேவயானி ஒரு வண்டியிலிருந்து இறங்கினாள். நடந்து போய் இன்னொன்றில் ஏறினாள், ஓட்டினாள், இறங்கினாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். சிரிப்பு மெல்ல அடங்கியது. எல்லோரும் அந்த நடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மாணவருடைய பாடப் புத்தகத்தில் பக்கத்து வண்டிக்காரர் போட்டியாளர் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. அந்தப் புத்தகத்தை எழுதியவர் எங்கிருந்தாலும் உடனே சித்தூர் சாலைக்கு வரவும். பயப்பட வேண்டாம். அவருக்கும் ஓர் இலை போட்டு வைத்திருக்கிறார்கள்.”

கைதட்டல் தொடங்கி நிற்காமல் நீண்டது. தேவயானி ஓரத்து நாற்காலியைப் பார்த்தாள். முனிகிருஷ்ணன் முகத்தைத் துடைக்கத் தோளுக்குக் கையைக் கொண்டுபோனார். அங்கே துண்டு இல்லை. அது மேடையில் இருந்தது. அவர் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

முடிவு அறிவிக்கும் வரை அவர் இருக்கவில்லை. இருட்டுவதற்குள் வரிசைக்குத் திரும்ப வேண்டும் என்றார். தேவயானி வாசல் வரை கூட நடந்தாள். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்துக்கொண்டே வந்தாள். பாதி தூரம் அவர் மரங்களைப் பற்றித்தான் பேசினார்.

“இத்தினி பேரு சிரிச்சாங்களே, அதெல்லாம் நீ எழுதுனதா?”

“ஆமா நைனா. படிச்சது ஸ்ரீஜா.”

“மொதல்ல பயந்துட்டேன். எவன் எம் பொண்ணப் பாத்துத் தப்பா சிரிக்கிறான்னு பாத்துகினு இருந்தேன். அப்பறம்தான் தெரிஞ்சிது, நீதான் அவங்களச் சிரிக்க வெச்சிக்கினு கீறன்னு.” கொஞ்சம் நடந்தார். “சிட்டிபாபுவ இத்தினி படிச்சவங்க எதுர்ல நடக்க வுட்டியே. அவன்கிட்ட சொல்லணும்.”

“உன்னயும்தான் நைனா.”

“தெரிஞ்சிது” என்றார் அவர். “எடது காலு. நீ கொஞ்சம் ஜாஸ்தியா இழுத்த.”

பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, “துண்டக் குடு. சீட்டு சுடும்” என்று வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அவர்களுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. வாய் திறக்காமல் ஊமையாக நடித்த ஒரு குழு முதல் பரிசை வாங்கிக்கொண்டது. நாள் முழுக்கப் பேசியவர்களை நடுவர்கள் அப்படிப் பழிவாங்கிவிட்டார்கள் என்று ஸ்ரீஜா சொன்னாள். தேவயானிக்கு வருத்தமாக இல்லை.

இருந்தாலும் ஒரு சின்ன இடம் காலியாகவே இருந்தது. நன்றாக இருந்தது என்றோ, பெருமையாக இருக்கிறது என்றோ அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் வழக்கம் அவர்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் எதிர்பார்த்தாள். நம்மில் யார்தான் எதிர்பார்ப்பதில்லை?

விடுதி மெஸ்ஸில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது யஸ்வந்திடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. கூடவே, சாப்பிடாமல் போகக் கூடாது என்று பிடித்து வைத்துவிட்டார்கள், கடைசி பஸ்ஸில் வருகிறேன் என்று எழுதியிருந்தான். தேவயானி போனை ஸ்ரீஜாவுக்கும் தனக்கும் நடுவில் வைத்து அழுத்தினாள்.

முதலில் இன்ஜின் சத்தம். நாலைந்து பேர் பேசும் தெலுங்கு. யாரோ, “இருங்கப்பா, அன்னா செப்தாரு, அவரு சொல்லட்டும்” என்று அடக்கினார்கள். அப்புறம் தொண்டையைச் செருமும் ஓசை. பிறகு நைனாவின் குரல். ஊர்ப் பெயருக்கு முன்னால் அந்தச் சிறு இடைவெளியைக் கூட விட்டு, மலையில் வருகிற அறிவிப்பைப் போலவே இழுத்துச் சொல்ல முயன்றுகொண்டிருந்தது.

“ஓம் நமோ வேங்கடேசாய. மாங்கா வண்டிக்காரங்க கவனத்துக்கு. நகரி பக்கத்துலேந்து வந்த முனிகிருஷ்ணன்ன்றவரு, படிச்சிக்கினு இருந்த தன் பொண்ணு எங்க கீதுன்னு தெரியாம திருப்பதிக்குத் தேடிகினு போனாரு. பொண்ணு கெட்ச்சிடுச்சி. ஸ்டேஜு மேல இருந்திச்சி. எல்லாரும் கை தட்டிகினு இருந்தாங்க. இதனால சகலருக்கும் தெரிவிக்கிறது இன்னான்னா, அது என் பொண்ணுதான்.”

பெரிய சிரிப்பு எழுந்தது. அதன் நடுவே சிட்டிபாபுவின் குரல் கேட்டது.

“அன்னா, பின்னால வண்டிக்குக் கேக்கல. மள்ளி செப்பண்டி.”

நைனா மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை இன்னும் உரக்க.